எபனேசரின் மேஜைக்குப் போகும் வழி

கோயம்புத்தூருக்கு வடக்கே சரவணம்பட்டியில், நாள் முழுக்கத் தேங்காய் பன் வாசனை மேலேறி வரும் ஒரு பேக்கரிக்கு மேல், மூன்றாவது மாடியில் இருந்த அந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் தரை ஒரு செவ்வாய்க்கிழமை நீளத் தொடங்கியது என்று சிலர் சொல்கிறார்கள். அது அதற்கு முன்பே நீளத் தொடங்கிவிட்டது, செவ்வாய்க்கிழமை அன்றுதான் தரை துடைக்கும் பொன்னாத்தாள் அக்கா பினாயில் பத்தவில்லை என்று அட்மின் குப்புராஜிடம் வந்து நின்றார் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எப்படியோ, நீண்டது. வெளியே நின்று பார்த்தால் கட்டிடம் பழைய அளவிலேயே, பக்கத்து ஹார்டுவேர் கடையை இடிக்காமல் ஒழுங்காக நின்றது. உள்ளே மட்டும், எல்லோரும் உட்காரும் ஜன்னல் ஓர வரிசைக்கும் மறுகோடியில் தனியாகக் கிடந்த எபனேசரின் மேஜைக்கும் நடுவே, நேற்று இல்லாத ஒரு வரிசை வெள்ளை டைல்ஸ் இன்று இருந்தது.

குப்புராஜ் போய்ப் பார்த்தார். டைல்ஸ் அதே நிறம், அதே அளவு, இடுக்கில் வெள்ளை சிமெண்ட்கூடப் பிசிறில்லாமல் பூசியிருந்தது. வேலை சுத்தமாக இருந்ததால் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பொன்னாத்தாள் அக்காவுக்கு இன்னொரு பாட்டில் பினாயில் எடுத்துக் கொடுத்துவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

அந்தக் கம்பெனி டயாலிசிஸ் சென்டர்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எந்த நோயாளிக்கு எந்த மெஷின், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று பிரித்து வைத்து, முதல் நாளே வீட்டுக்கு மெசேஜ் அனுப்பிவிடும். அந்த மெசேஜைப் பார்த்துத்தான் வீடுகளில் ஆட்டோ சொல்லி வைப்பார்கள், மகனோ மருமகளோ லீவு போடுவார்கள், காலை இட்லியை ஒரு மணி நேரம் முன்னால் ஊற்றுவார்கள். இதில் தப்பு நடக்கக் கூடாதே என்ற கவலையில் டீம் லீட் தமயந்தி சில விதிகளை எழுதி, அவற்றை ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். முதலாளி சென்னியப்பன் அன்றைக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்திருந்ததால் கூட்டம் நல்ல மனநிலையில் இருந்தது, கை தூக்கச் சொன்னபோது ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கை தூக்கினார்கள்.

அந்த விதிகளில் இரண்டுதான் நமக்கு முக்கியம். ஒருவர் எழுதிய கோடை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகளை, இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே பொதுவில் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. யாரும் பதிலுக்குக் காத்துக் கிடக்கக் கூடாது, எது வந்தாலும் பார்த்தவுடன் திரையில் சரி என்று ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட வேண்டும் என்பது இன்னொன்று. முதல் விதியைப் படித்தபோது எல்லோருக்கும் முன்னால் கை தூக்கியவன் எபனேசர். நாகர்கோவில் பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத வெளிநாட்டு ஆட்களுக்காகத் தனியாக கோடு எழுதி எழுதி வந்தவன் அவன். தான் எழுதியதை இன்னொரு மனிதர் படிப்பார் என்பது அவனுக்குக் கல்யாணச் சாப்பாடு. கை தூக்கிவிட்டு, கீழே இறக்க மறந்து, பக்கத்தில் இருந்தவர் முழங்கையில் தட்டிய பிறகுதான் இறக்கினான்.

நடந்தது என்னவென்றால், முதல் விதியை இரண்டாவது விதி விழுங்கிவிட்டது. கோடு வந்தவுடன் கட்டைவிரலைப் போட வேண்டும் என்பதால் எல்லோரும் கட்டைவிரலைப் போட்டார்கள், போட்ட பிறகு படிக்க வேண்டிய அவசியம் இருப்பதாக யாருக்கும் படவில்லை. இதில் சோம்பேறித்தனம் ஒன்றும் இல்லை, பாவம், ஒவ்வொருவருக்கும் தலைக்கு மேல் வேலை. அடுத்தவரைக் காக்கவைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடுதான் போட்டார்கள். தமயந்தியும் அப்படித்தான் போட்டாள். அவளுக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கூட்டங்கள், கூட்டங்களுக்கு நடுவே கட்டைவிரல்கள், மதியம் கண்ணாடி அறையில் தனியாகச் சாப்பாடு. லீடோடு உட்கார்ந்து சாப்பிட்டால் பேச்சு வேலைக்குப் போய்விடும் என்று மற்றவர்கள் பயந்தார்கள். வீட்டிலும் அவள் ஒருத்திதான். கணவர் மஸ்கட்டில், மகள் திருச்சியில் ஹாஸ்டலில், காலையில் அவள் அனுப்பும் வணக்கத்துக்கு இரண்டு பேரும் கட்டைவிரல் போடுவார்கள்.

எபனேசர் சில மாதங்கள் விதிப்படி இருந்தான். தன் கோடை அனுப்புவான், கட்டைவிரல் வரும். மற்றவர்களுடையது அவனுக்கு வந்தால் அவன் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்துவிட்டு இரண்டு சந்தேகம் கேட்பான், அதற்கும் கட்டைவிரல் வரும். பிறகு ஒருநாள் அவன் அனுப்புவதை நிறுத்திவிட்டான். எழுதியதை யாரிடமும் காட்டாமல் நேராகப் பொதுவில் சேர்த்தான். ஏன் நிறுத்தினான் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தமயந்தி மட்டும் அவனுக்கு மெசேஜ் அனுப்பினாள்: படிக்காமல் சேர்க்கக் கூடாது எபி, எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி. அவன் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டான். பிரச்சினை தீர்ந்தது என்று அவள் அடுத்த கூட்டத்துக்குப் போனாள். மறுநாள் அவன் மறுபடியும் அப்படியே சேர்த்தான், மறுநாள் தரை இன்னும் ஒரு வரிசை நீண்டது.

அவன் ஒவ்வொரு தடவை யாரும் படிக்காத கோடைச் சேர்க்கும்போதும் ஒரு வரிசை டைல்ஸ் வருகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. தமயந்தி அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும் என்று சென்னியப்பனிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து வந்து, இடுப்பில் கை வைத்து, நீண்டு கிடந்த தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரவணம்பட்டியில் சதுர அடி என்ன விலை போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

"வாடகை ஏறாம எடம் ஏறுதுன்னா அது கடவுளாப் பாத்துக் குடுக்கறதுங்க. அந்தத் தம்பிய ஒண்ணுஞ் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

அதன் பிறகு ஆபீஸ் அந்த இடத்தோடு வாழப் பழகிக்கொண்டது. எலெக்ட்ரீஷியன் வந்து டியூப் லைட்டுகளைத் தள்ளித் தள்ளி மாட்டினார், எபனேசருக்குப் போகும் நெட் வயரைத் தரையோரமாக நீட்டி நீட்டி ஒட்டினார், மாதம் ஒருமுறை வந்து போகும்படி அவருக்குத் தனி ஏற்பாடே ஆனது. உடைந்த நாற்காலிகளும் பழைய மானிட்டர்களும் முதலில் குடிபோயின. பிறகு ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை வந்தது. இரண்டாவது மாடிச் சீட்டுக் கம்பெனியில் சர்க்கரை உள்ளவர்கள் நான்கைந்து பேர் காலையில் ஷூ போட்டுக்கொண்டு மேலே வந்து, வெயில் படாமல் நடந்துவிட்டுப் போனார்கள், அதில் ஒருவருக்குச் சர்க்கரை நன்றாகக் குறைந்து அவர் எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். பேட்மிண்டன் ஆடுகிறவர்கள், கோர்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் நீளம் தேவைப்படுகிறது, எபி பெரிய மனசு வைத்தால் நடக்கும் என்று குப்புராஜிடம் மனு கொடுத்தார்கள், அந்த வாரம் எபனேசர் நிறையச் சேர்த்தான், கோர்ட் வந்தது. கூட்டத்தில் அவனுக்கு நன்றி சொன்னார்கள். நன்றி அவன் இருக்கும் தூரத்துக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

பரணி என்று ஒரு பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆனவன், தன் புல்லட்டை மேலே கொண்டுவந்து நிறுத்த இடம் வேண்டும் என்று தானும் விதியை மீறிப் பார்த்தான். ஒரு டைல்ஸ்கூட வரவில்லை. அவன் மீறிய அடுத்த நிமிடமே பக்கத்து நாற்காலி ஷாஹிதா எட்டிப் பார்த்து, என்னடா இது இவ்வளவு கேவலமா எழுதியிருக்கே என்று முதுகில் ஒன்று வைத்ததுதான் அதற்குக் காரணமாக இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. எபனேசருக்குக் கை ராசி என்று முடிவு செய்துகொண்டார்கள்.

எபனேசர் முதலில் கணபதியில் எடுத்திருந்த அறைக்குத் தினமும் போய் வந்தான். பிறகு மேஜையிலிருந்து லிப்டுக்கு நடந்து வருவதற்குள் கடைசி பஸ் போய்விடும் நிலை வந்தது, அறையைக் காலி செய்துவிட்டான். குப்புராஜ் ஒரு கட்டிலும் போர்வையும் அனுப்பி வைத்தார். கீழே பேக்கரியிலிருந்து பன்னும் வர்க்கியும் பார்சலாகப் போயின. டீ போய்ச் சேரும்போது ஆறிவிடுவதால் டீயை நிறுத்தி, பால் பவுடரும் சுடுதண்ணீர்க் கெட்டிலும் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகம் தெரியாமல் போயிற்று, அப்புறம் சட்டை நிறம் தெரியாமல் போயிற்று, அப்புறம் அவன் மேஜை விளக்கு மட்டும் தெரிந்தது. ஆனால் மெசேஜ் மட்டும் முன்பு போன மாதிரியே உடனே போய், உடனே வந்தது. திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எப்போதும் எரிந்தது. பச்சைப் புள்ளி எரிகிற ஆளைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்.

எனக்கு இதில் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு, அது இப்போது வருகிறது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஆட்கள் ஆபீஸைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இவ்வளவு தூரத்தில் ஒருவன் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பதை அவர்கள் பார்த்தால் நன்றாக இருக்காது என்று சென்னியப்பன் நினைத்தார். அதுவும் போக, இருந்த இடம் போதும், அதற்கு மேல் நீள்வது ஏசியைத் தின்கிறது. பேட்மிண்டன் கோர்ட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு ஜிப்சம் சுவர் வைத்துவிடலாம், வெள்ளிக்கிழமை கார்ப்பென்டர் வருவார் என்று கூட்டத்தில் அறிவித்தார்கள். கதவு உண்டா என்று தமயந்தி கேட்டாள். கதவு வைத்தால் ஏசி போகும் என்று குப்புராஜ் சொன்னார். எபி அந்தப் பக்கம் இருக்கிறாரே என்றாள். அவர் வேலை அந்தப் பக்கத்திலிருந்தே நடக்கிறதே, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாக நினைத்துக்கொள்ளட்டும், பார்சலுக்கு மேலே ஒரு சின்னச் சந்து விடச் சொல்கிறேன் என்றார் சென்னியப்பன். அறிவிப்பு குரூப்பிலும் போடப்பட்டது. எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். எபனேசரும் போட்டான்.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு தமயந்தி கண்ணாடி அறையில் தயிர் சாதத்தைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். தன்னை உள்ளே வைத்து மூடப்போகும் சுவருக்குக் கட்டைவிரல் போடுகிறவனிடம் மெசேஜில் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவன் இந்த ஆபீஸில் சேர்ந்ததிலிருந்து ஒருநாள்கூட அவன் மேஜைக்குத் தான் நடந்து போனதில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதலில் அது எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கார்ப்பென்டர் தகடுகளைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தபோது தமயந்தி சாப்பாட்டுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் திரும்பி வரும்வரை மூடாதீர்கள் என்று அவரிடம் சொன்னாள், அவர் வாயில் ஸ்க்ரூக்களை வைத்திருந்ததால் தலையை ஆட்டினார். டேபிள் டென்னிஸ் மேஜையைத் தாண்டி, கோர்ட்டைத் தாண்டி, உடைந்த நாற்காலிகளைத் தாண்டி, கடைசி டியூப் லைட்டையும் தாண்டி அவள் நடந்தாள், நெட் வயர் மட்டும் தரையோரமாக அவளோடு கூடவே வந்தது. திரும்பிப் பார்த்தபோது ஜன்னல்கள் சின்னதாகத் தெரிந்தன, அப்புறம் பார்த்தபோது ஒரு வெளிச்சக் கோடாகத் தெரிந்தன. எவ்வளவு நடந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. திட்டுவதற்காக அவள் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக நடுவழியில் மறந்துபோயின, தாகம் மட்டும் இருந்தது.

எபனேசர் எழுந்து நின்றுகொண்டிருந்தான். தலை வாரியிருந்தான். இன்னொரு நாற்காலியைத் துடைத்து, மேஜைக்கு இந்தப் பக்கம் போட்டு வைத்திருந்தான்.

"நீங்க வாறது காலம்பறயே தெரிஞ்சுது மேடம். மொதல்ல பேட்மிண்டன் ஆடுத ஆளுகள்ல ஒருத்தர்னு நெனச்சேன். கோர்ட்டத் தாண்டுனதுக்குப் பொறவும் நிக்கல்ல. அப்பதான் நம்மகிட்டதான் வாறாங்கன்னு புரிஞ்சுது" என்றான்.

அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு, வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், விதியை ஏன் மீறினீர்கள் என்று கேட்டுவிட்டாள். கேட்டவுடன் தன் குரல் ஆபீஸ் குரலாக இருந்ததற்கு வெட்கப்பட்டாள். அவன் கோபப்படவில்லை. அதை யாராவது கேட்பார்கள் என்று ரொம்ப நாளாகப் பதில் வைத்திருந்தவன் மாதிரி நிதானமாகச் சொன்னான். தான் எழுதும் கோடுக்கு நடுவே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத, மனிதர்கள் மட்டும் படிக்கும் குறிப்பு வரிகளில், ஒருமுறை ஒரு சந்தேகம் கேட்டு எழுதினானாம். கட்டைவிரல் வந்ததே தவிர பதில் வரவில்லை. இன்னொருமுறை நாளைக்கு எனக்குப் பிறந்தநாள் என்று எழுதினான். கட்டைவிரல் வந்தது. மறுநாள் கேக் வாங்கி வைத்திருந்தவன் அதைத் தானே சாப்பிட்டான்.

"அதுக்கப்புறம் எங்க அப்பா மரிச்சுப் போனாங்க. ராத்திரி ஃபோன் வந்துது. காலம்பற பஸ்ஸுக்கு முன்ன, கையில இருந்த வேலைய முடிச்சு அனுப்பிட்டுப் போவோம்னு உக்காந்தேன். அதுல எழுதினேன். அப்பா தவறிட்டாங்க, ஊருக்குப் போறேன், இத யாரு படிச்சாலும் ஒரு வார்த்த சொல்லுங்கன்னு." அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "நாலே செகண்டுல அப்ரூவ் ஆச்சு மேடம். நீங்கதான் பண்ணியிருந்தீங்க."

அந்தக் காலையில் தான் எந்தக் கூட்டத்தில் இருந்தோம் என்றுகூடத் தமயந்திக்கு நினைவில்லை. அவன் அவசர லீவு என்று போட்டதற்கும் ஒரு கட்டைவிரல் போட்டிருப்போம் என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"நான் விதிய மீறல்ல மேடம்" என்றான் அவன். "ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் படிக்கணும்னுதான விதி. படிக்க ஆளில்லன்னு தெரிஞ்ச பொறவு படிக்க அனுப்புற மாதிரி நடிக்கதுக்கு எனக்கு வரல்ல."

அவள் நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடைசியாக எழுதியதைத் திறக்கச் சொன்னாள். அவன் திறந்தான், அவள் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நிஜமாகவே படித்தாள், ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இது என்ன, இது ஏன் என்று கேட்டுக் கேட்டுப் படித்தாள். அழகாக எழுதியிருந்தான். நோயாளி வெளியூர்க்காரராக இருந்தால் முதல் பஸ்ஸுக்கு நேரம் விட்டு முறை போடும்படி, யாரும் சொல்லாமலே, ஒரு இடத்தில் எழுதியிருந்தான். அதைப் படித்து அவள் நன்றாக இருக்கிறது எபி என்றபோது அவன் தரையைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் கீழே போனதும் அவள் விரல் நின்றது.

"நோயாளி இறந்துட்டா மெசேஜ் எங்கீங்க எபி நிக்குது?"

அவன் குனிந்து பார்த்தான். மேலே போய்ப் பார்த்தான், கீழே வந்து பார்த்தான். அவன் முகம் மாறியது.

"நிக்கல்ல மேடம்."

எத்தனையோ வீடுகளில், ஆள் போய், மாலை போட்ட படமாகிவிட்ட பிறகும், ஒவ்வொரு வாரமும் முதல் நாள் சாயங்காலம் ஃபோன் சிணுங்கி, நாளை காலை உங்கள் முறை, உணவு உண்டு வரவும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் திட்டி எழுதியிருக்கலாம், அழுது எழுதியிருக்கலாம், அதற்கெல்லாம் கம்பெனியிலிருந்து என்ன போயிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் அந்த இடத்தைச் சேர்ந்து உட்கார்ந்து திருத்தினார்கள். திருத்தி முடித்தபோது எபனேசர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தப்பு என்று சொன்னதற்காக ஒருவன் இவ்வளவு நன்றியோடு பார்த்து அவள் பார்த்ததில்லை.

அந்த ஃபைலை மூடியதும் மேஜைக்கு முன்னால் இருந்த டைல்ஸில் ஒரு வரிசை இல்லாமல் போனது. சத்தமில்லாமல், வந்த மாதிரியே சுத்தமாகப் போனது. தூரத்து வெளிச்சக் கோடு மயிரிழை அளவு கிட்டே வந்திருந்தது.

அப்புறம் அவர்கள் எழுந்திருக்கவில்லை. புதியதிலிருந்து பழையதை நோக்கி ஒவ்வொரு ஃபைலாகப் படித்தார்கள். தயிர் சாதத்தை இரண்டாகப் பிரித்துச் சாப்பிட்டார்கள், அது தீர்ந்ததும் அவன் சேர்த்து வைத்திருந்த வர்க்கியைப் பால் பவுடர் டீயில் நனைத்துச் சாப்பிட்டார்கள், களைத்தால் அவள் கட்டிலிலும் அவன் தரையிலுமாகக் கொஞ்சம் தூங்கி எழுந்து மறுபடியும் படித்தார்கள். எத்தனை நாள் என்று இரண்டு பேரும் கணக்கு வைக்கவில்லை. அவள் நிறையத் தப்புக் கண்டுபிடித்தாள், அவன் சில இடங்களில் சண்டை போட்டான், சில இடங்களில் அவன்தான் சரி. நடுவே அவள் மஸ்கட்டைப் பற்றியும் ஹாஸ்டலைப் பற்றியும் சொன்னாள், அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, மகளுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவளிடம் யாராவது கேட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரிசை தரை குறைந்தது. மேஜையும் கட்டிலும் அவர்களுமாக, ஆபீஸை நோக்கி மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் வெளிச்சக் கோடு பெரிதானது. பிறகு ஒருநாள் அது இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ நின்றது.

அவளைக் காணோமே என்று ஆபீஸில் யாரும் தேடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவள் பெயருக்குப் பக்கத்திலும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. வருகிற மெசேஜுக்கெல்லாம் அவள் கை பழக்கத்தில் கட்டைவிரல் போட்டுக்கொண்டிருந்தது. கார்ப்பென்டர் ஒரு நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, மேடம் வந்துவிட்டார்களா என்று குப்புராஜைக் கேட்டார், குப்புராஜ் திரையைப் பார்த்து, மேடம் இருக்காங்களே என்றார். சுவர் முடிந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து கோர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போனார்கள்.

கடைசி ஃபைலுக்கு வந்தபோது மேஜை விளிம்பு ஜிப்சம் தகட்டில் இடித்து நின்றது. தகட்டுக்கு அந்தப் பக்கம் இறகுப்பந்து அடிபடும் சத்தமும், ஷூ வழுக்கும் சத்தமும், பரணி எதற்கோ சிரிப்பதும், ஷாஹிதா அவனைத் திட்டுவதும் நன்றாகக் கேட்டன. தேங்காய் பன் வாசனைகூட வந்தது. மேலே பார்சலுக்கு விட்ட சந்து மேஜைமேல் ஏறி நின்றாலும் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது, அதன் வழியாகப் பார்சல் எதுவும் வந்திருக்கவில்லை.

கடைசி ஃபைல் எதுவென்று இரண்டு பேருக்கும் தெரியும். அதன் ஓரத்தில் தமயந்தியின் கட்டைவிரல் இன்னும் இருந்தது. அவள் அதை மேலிருந்து படித்தாள், அவசரப்படாமல், அந்த வரி வரும்வரை எல்லா வரியையும் படித்தாள். அந்த வரி வந்ததும் வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்து அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்பாவுக்கு என்ன ஆச்சுங்க எபி?"

அவன் சொன்னான். நெஞ்சு வலி என்று சொன்னதை வாயுத் தொல்லை என்று நினைத்து வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுத்ததை, பஸ் வள்ளியூர் தாண்டியபோது மழை வந்ததை, தான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடக் காத்திருந்ததை, அப்பா கையெழுத்து மாதிரியே தன் கையெழுத்தும் சாய்ந்திருக்கும் என்று அத்தை அழுகைக்கு நடுவே சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். அவள் அடக்கம் எங்கே என்று மட்டும் கேட்டாள், சர்ச்சுக்குப் பின்னால், புளிய மரத்துக்குப் பக்கத்தில் என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தகட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ ஆட்டத்தில் ஜெயித்துக் கைதட்டினார்கள்.

ஃபைலை மூடினார்கள். இனிக் குறைய வேண்டிய தரை இந்தப் பக்கம் இல்லை. தமயந்தி எழுந்து தகட்டைத் தட்டினாள். உள்ளங்கையால் தட்டினாள், பிறகு தண்ணீர் பாட்டிலால் தட்டினாள். அந்தப் பக்கம் ஆட்டம் ஒரு நொடி நின்றது. புதுச் சுவர் இல்லையா, செட் ஆகிற சத்தம் என்று குப்புராஜ் யாருக்கோ விளக்குவது கேட்டது. அவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்தினாள், எபனேசரும் கத்தினான், ஆட்டம் மறுபடியும் தொடங்கிவிட்டது.

"குரூப்புல போடுங்க மேடம். அதுல போட்டா எல்லாரும் பாப்பாங்க" என்றான் அவன்.

அவள் உட்கார்ந்து, தெளிவாக, யாருக்கும் சந்தேகம் வராதபடி எழுதினாள். நானும் எபனேசரும் புதுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம், கதவு இல்லை, சாப்பாடு தீர்ந்துவிட்டது, உடனே தகட்டைக் கழற்றுங்கள். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

தகட்டுக்கு அந்தப் பக்கம் ஃபோன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்குவது கேட்டது. ஆட்டம் நின்றது. ஷூக்கள் நின்றன. எபனேசர் எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டான், கட்டில் போர்வையை மடித்து வைத்தான். தமயந்தி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் குப்புராஜின் கட்டைவிரல் வந்தது, அடுத்து ஷாஹிதாவுடையது, பரணியுடையது, சென்னியப்பனுடையது, பிறகு மளமளவென்று மற்ற எல்லோருடையதும் வந்தன. ஒருவர்கூட விதியை மீறவில்லை.

பிறகு பந்து அடிபடும் சத்தம் மறுபடியும் கேட்டது. எபனேசர் மடித்த போர்வையைக் கட்டிலில் பிரித்துப் போட்டுவிட்டு, நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நீங்க எழுதினது எதுவாவது இருந்தா திறங்க மேடம்" என்றான். "நான் படிக்கேன்."